புதிய விதி வந்தால் ஒப்பந்தத்தில் என்ன செய்ய வேண்டும்: நிறுவனங்களுக்கான நடைமுறைக் கையேடு

புதிய சட்டமோ விதியோ வந்ததும் பல நிறுவனங்கள் செய்யும் முதல் வேலை, எல்லா சப்ளையர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதுதான். "பொருந்தக்கூடிய எல்லாச் சட்டங்களையும் பின்பற்றுவோம் என்று கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று கேட்பார்கள். கையெழுத்தும் வந்துவிடும், கோப்பிலும் சேர்ந்துவிடும். பிறகு ஒருநாள் ஒழுங்குமுறை ஆணையம், "உங்கள் சப்ளையர் இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றினார், நீங்கள் எப்படிச் சரிபார்த்தீர்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது.

சட்டம் உங்கள் நிறுவனத்தின்மேல் சுமத்திய பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க முடியாது. ஒப்பந்தத்தால் முடிவது மூன்று காரியங்கள்: வேலையைப் பிரித்துக் கொடுப்பது, தேவையான தகவலை வரவழைப்பது, செலவு யாருடையது என்று முடிவு செய்வது. கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றையும் எப்படி எழுதுவது, எழுதியதை எப்படி நடத்திக்காட்டுவது என்பதைப் பற்றியது.

முதலில் சட்டத்தை வரிவரியாகப் பிரியுங்கள்

சுருக்கக் குறிப்புகளையோ கருத்தரங்கில் கேட்டதையோ வைத்து ஷரத்து எழுத உட்காராதீர்கள். சட்டத்தின் மூலப் பிரதியை எடுத்து, "வேண்டும்", "கூடாது" என்று முடியும் ஒவ்வொரு கடமையையும் அட்டவணையில் ஒரு வரியாகப் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டங்கள் போதும்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள், செய்ததற்கு எது ஆதாரம், செய்யாவிட்டால் என்ன தண்டனை, இதைச் செய்து முடிக்க வெளியாள் யாருடைய உதவியாவது தேவையா.

உதாரணத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 33ஆம் பிரிவை இப்படிப் போடலாம். யார்: தரவுக்குப் பொறுப்பான நிறுவனம். என்ன: தரவுக் கசிவை ஆணையத்துக்கு அறிவிப்பது. நேரம்: தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள். ஆதாரம்: அறிவிப்பின் நகல், கசிவுப் பதிவேடு. தண்டனை: ஒரு கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது. வெளியாள்: ஆம், தரவைக் கையாளும் கிளவுட் நிறுவனம், சம்பளப் பட்டியல் போடும் நிறுவனம், கால் சென்டர்.

கடைசிக் கட்டத்தில் "இல்லை" என்று வந்தால் அந்தக் கடமைக்கு ஒப்பந்தம் தேவையில்லை. உள்ளுக்குள் நடைமுறையைச் சரிசெய்தால் போதும். "ஆம்" என்று வந்த வரிகள் மட்டுமே ஒப்பந்த வேலை. இப்படி வடிகட்டினால் நூறு கடமைகள் உள்ள சட்டத்தில்கூட ஒப்பந்தத்துக்கு வர வேண்டியவை கொஞ்சமாகவே மிஞ்சும். இந்த வேலையைத் தவிர்த்தவர்கள்தான் நாற்பது பக்க ஒப்பந்த இணைப்பை எல்லாருக்கும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

மிஞ்சிய வரிகளை இரண்டு வகையாகப் பாருங்கள். சில சட்டங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்று தாங்களே சொல்லிவிடும். தரவைக் கையாளும் சேவையாளரோடு போடும் ஒப்பந்தத்தைப் பற்றிய ஜிடிபிஆர் 28ஆம் பிரிவு அப்படிப்பட்டது. நிதி நிறுவனங்களின் கணினிச் சேவை ஒப்பந்தங்களுக்கு 2025 ஜனவரி 17 முதல் பொருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டோரா விதியின் 30ஆம் பிரிவும் அப்படித்தான். ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடை விதியின் 12ஜி பிரிவு, பட்டியலில் உள்ள பொருள்களை ஏற்றுமதி செய்பவர் "ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்யக் கூடாது" என்ற தடையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறது. 2024 மார்ச் 20 முதல் இது கட்டாயம். மீறினால் போதுமான பரிகாரமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்த வகையில் சொந்தக் கற்பனைக்கு இடமில்லை. சட்டம் கேட்கும் ஒவ்வொரு அம்சமும் எந்த ஷரத்தில் இருக்கிறது என்று எண்ணிட்டு ஒப்பிட்டு வையுங்கள்.

இரண்டாம் வகைச் சட்டங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்காது, ஆனால் ஒப்பந்தம் இல்லாமல் அவற்றை நிறைவேற்றவே முடியாது. பிரிட்டனின் 2010 லஞ்சத் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, உங்களுக்காக வேலை செய்யும் ஏஜென்ட் லஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தையே குற்றவாளி ஆக்குகிறது. தடுக்கப் போதுமான நடைமுறைகள் இருந்தன என்று நிரூபிப்பது மட்டுமே தப்பும் வழி. இங்கே என்ன எழுதுவது என்பதை நீங்களே யோசிக்க வேண்டும். உழைப்பு அதிகம் தேவைப்படும் இடமும் இதுதான்.

எந்த ஒப்பந்தங்களைத் தொடுவது

நடப்பில் உள்ள ஒப்பந்தங்களின் பட்டியல் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. எதிர்த்தரப்பு, பொருள் அல்லது சேவை, ஆண்டு மதிப்பு, முடியும் தேதி, தானாகப் புதுப்பிக்கும் தேதி, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், திருத்தம் செய்ய என்ன வழி என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமே இல்லாமல் வெறும் பர்ச்சேஸ் ஆர்டரில் ஓடும் உறவுகளை விட்டுவிடாதீர்கள். ஆபத்து பல நேரம் அங்கேதான் இருக்கும்.

தரம் பிரிக்கும்போது பணத்தின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஆண்டுக்குச் சொற்பத் தொகை வாங்கும் சுங்க ஏஜென்ட், லஞ்சத் தடைச் சட்டத்தைப் பொறுத்தவரை மிகப் பெரிய சப்ளையரைவிட ஆபத்தானவர், ஏனென்றால் அரசு அதிகாரிகளிடம் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுபவர் அவர். "இவர் தவறினால் நாம் சட்டத்தை மீறியவர் ஆவோமா?" என்ற ஒரே கேள்வியை வைத்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்குக்குப் பேசி எழுதிய தனித் திருத்தம். இரண்டாவதுக்கு நிலையான இணைப்பு. மூன்றாவதுக்கு, அடுத்த புதுப்பிப்பின்போது மாற்றினால் போதும்.

கருவிகள்

உறுதிமொழி என்பது ஒரு நாளில் இருக்கும் நிலையைச் சொல்வது: "எங்கள் உரிமங்கள் செல்லுபடியில் உள்ளன." கடமை என்பது தொடர்ந்து செய்ய வேண்டியது: "உரிமம் முடியும் 60 நாளுக்கு முன் புதுப்பிக்க விண்ணப்பித்து நகல் அனுப்ப வேண்டும்." இரண்டையும் குழப்பி எழுதுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. உறுதிமொழி மட்டும் இருந்தால், கையெழுத்திட்ட மறுநாள் நிலைமை மாறினாலும் அதைச் சொல்லும் கட்டாயம் சப்ளையருக்கு இருக்காது.

இவற்றோடு தகவல் தரும் கடமை, தணிக்கை உரிமை, கீழ்மட்ட ஒப்பந்தக்காரர்களுக்கும் அதே கடமையை இறக்கும் ஷரத்து, இழப்பீட்டு உறுதி, வேலையை நிறுத்தி வைக்கும் உரிமை, முறித்துக்கொள்ளும் உரிமை, சட்ட மாற்றத்துக்கான விலைத் திருத்தம் ஆகியவை சேர்ந்தால் கருவிப் பெட்டி நிறைந்துவிடும். அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கருவி என்று குறியுங்கள். எல்லா வரிக்கும் எல்லாக் கருவியும் வேண்டாம். தகவல் மட்டும் தேவைப்படும் இடத்தில் இழப்பீட்டு உறுதியையும் கேட்டால் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுக்கும், தகவலும் வராது.

ஒரு ஷரத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

தரவுக் கசிவு ஷரத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன: "கசிவு ஏற்பட்டால் சேவையாளர் 72 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்." சட்டத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 72 மணி நேரம் என்பது பொறுப்பு நிறுவனம் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டிய கெடு. சேவையாளர் பொறுப்பு நிறுவனத்துக்குச் சொல்வதைச் சட்டம் "தேவையற்ற தாமதமின்றி" என்கிறது. மூன்று நாள் அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே கொடுத்தால், அந்த மூன்று நாளும் பாதிக்கப்பட்டவர்கள் கடவுச்சொல்லைக்கூட மாற்ற முடியாமல் இருப்பார்கள். ஏன் இவ்வளவு அவகாசம் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நன்றாக எழுதிய ஷரத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கும். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது: "உறுதியானதும்" என்று எழுதினால் உள்விசாரணை முடியும்வரை சொல்லாமல் இருக்கலாம், "நியாயமான சந்தேகம் எழுந்ததும்" என்று எழுதுங்கள். எத்தனை மணி நேரம்: 24 மணி நேரம் பரவலாக ஏற்கப்படும் எண். யாரிடம், எந்த வழியில்: ஒரு ஆளின் மின்னஞ்சலைப் போட்டால் அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் கசிவு நடக்கும், பொது முகவரியும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் கொடுங்கள். முதல் அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்: என்ன வகைக் கசிவு, எந்த வகைத் தரவு, ஏறக்குறைய எத்தனை பேர், எத்தனை பதிவுகள், என்ன விளைவு வரலாம், என்ன நடவடிக்கை எடுத்தார்கள். இவை 33ஆம் பிரிவு உங்களிடம் கேட்கும் விவரங்களேதான். ஐந்தாவது, தெரியாததைப் பின்னால் தரலாம் என்ற அனுமதி. சட்டமே கட்டங்கட்டமாகத் தகவல் தர இடம் கொடுக்கிறது. இந்த அனுமதி இல்லாவிட்டால், எல்லா விவரமும் கிடைக்கட்டும் என்று சேவையாளர் காத்திருந்து கெடுவைத் தவறவிடுவார்.

கீழ்மட்டத்தையும் கணக்கில் எடுங்கள். சேவையாளருக்கு அவருடைய துணைச் சேவையாளர் 48 மணி நேரத்தில் சொன்னால் போதும் என்று இருக்கும்போது, உங்கள் 24 மணி நேரம் நடைமுறையில் 72 ஆகிவிடும். துணைச் சேவையாளருடைய கெடு சேவையாளருடைய கெடுவைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இது தீரும்.

துறைமுகத்தில் நிற்கும் சரக்கு

அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடைச் சட்டத்தின் அனுமானம் 2022 ஜூன் 21 முதல் அமலில் உள்ளது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் முழுமையாகவோ பகுதியாகவோ உருவான பொருள், கட்டாய உழைப்பில் உருவானது என்றே அது கருதுகிறது. அப்படி இல்லை என்று தெளிவான, நம்பத்தகுந்த சான்றோடு காட்டும் சுமை இறக்குமதியாளருடையது. அந்தப் பகுதிக்கும் தன் பொருளுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவரும் மூலப்பொருள்வரை ஆவணம் காட்ட வேண்டும். பருத்திச் சட்டையென்றால் பஞ்சு வாங்கிய பில், நூற்பாலையின் உற்பத்திப் பதிவு, நெசவு, சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம் வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நின்ற பிறகு இவற்றைத் தேடத் தொடங்கினால் கிடைக்காது. ஆகவே ஒப்பந்தத்தில், "ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தொகுதியாக உற்பத்தியாகும் சரக்கு) இந்த ஆவணத் தொகுப்பு, கப்பலில் ஏற்றுவதற்கு முன், லாட் எண்ணோடு பொருந்தும்படி வர வேண்டும், வராவிட்டால் ஏற்ற வேண்டாம், கடைசித் தவணைப் பணமும் வராது" என்று பணத்தோடு முடிச்சுப் போடுங்கள். பணத்தோடு முடிச்சுப் போடாத ஆவணக் கடமை பெரும்பாலும் தாமதமாகத்தான் நிறைவேறும்.

அடுத்தது, சரக்கு நின்றுவிட்டால் செலவு யாருடையது? எஃப்ஓபி என்ற சர்வதேச வணிக விதிமுறையில் சரக்கு கப்பலில் ஏறியதும் ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. இறக்குமதிச் சுங்க வேலையும் அவருடையதே. தனியாக எதுவும் எழுதாவிட்டால் கிடங்கு வாடகை, கன்டெய்னர் தாமதக் கட்டணம், திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் வாங்குபவர் கணக்கில்தான் விழும். காரணம் சப்ளையரின் ஆவணக் குறையா, எந்தக் குறையும் இல்லாமல் அதிகாரிகள் சோதனைக்காக நிறுத்தியதா என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதில் சப்ளையர் ஏற்கட்டும். இரண்டாவதில் பகிர்ந்துகொள்வது நியாயம். எத்தனை நாள் நின்றால் ஆர்டரை ரத்து செய்யலாம் என்பதையும் எண்ணால் சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: தொழிலாளர் பட்டியலை அப்படியே கேட்டு வாங்கினால் தனிநபர் தரவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் நீக்கிய பட்டியலோ, மூன்றாம் தரப்பு ஆடிட்டர் பார்த்துத் தரும் சான்றோ போதுமா என்று முதலில் பாருங்கள்.

சட்ட மாற்ற ஷரத்து

நீண்ட கால ஒப்பந்தங்களில் அதிகம் சண்டை வரும் இடம் இது. புதிய விதியால் செலவு கூடினால், கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்கான ஷரத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செலவு கூடியது மட்டும் அந்த ஷரத்தின்கீழ் பொதுவாக வராது. வேலையைச் செய்யவே முடியாத நிலை வேண்டும். எனவே தனி ஷரத்து எழுதியே ஆக வேண்டும்.

"சட்டம்" என்றால் எது என்பதிலிருந்து தொடங்குங்கள். நாடாளுமன்றச் சட்டம் மட்டுமா, ஆணையத்தின் சுற்றறிக்கை, வழிகாட்டுதல், உரிம நிபந்தனை, ஏற்கெனவே உள்ள சட்டத்துக்கு நீதிமன்றம் கொடுக்கும் புதிய விளக்கம், வரி விகிதம் இவையும் சேருமா? சேர்த்தவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வருமான வரியை விலக்குவது வழக்கம்.

அடுத்து அடிப்படைத் தேதி. எந்தத் தேதிக்குப் பிறகு வந்தால் அது "மாற்றம்"? கையெழுத்துத் தேதி என்று போடுவது சுலபம், ஆனால் விலை கொடுத்தது அதற்குப் பல மாதம் முன்பு. கட்டுமானத் துறையில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தம் டெண்டர் கொடுக்கும் கடைசித் தேதிக்கு 28 நாள் முந்தைய நாளை எடுத்துக்கொள்கிறது. விலை கணக்கிட்ட நாளோடு ஒட்டியிருப்பதால் இந்த முறை நியாயமானது. வரைவு மசோதாவாக வெளியாகி, அடிப்படைத் தேதிக்குப் பிறகு சட்டமானால்? "முன்பே தெரிந்ததுதானே" என்று ஒரு தரப்பு சொல்லும். எந்தக் கட்டத்தில் வெளியானதை முன்பே தெரிந்ததாகக் கொள்வது என்று எழுதிவிட்டால் அந்த வாதம் எழாது.

மூன்றாவது, எந்த வகை மாற்றத்துக்கு யார் பணம் தருவது. எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் பொது மாற்றம், குறைந்தபட்சக் கூலி உயர்வு போன்றவை, தொழில் செய்பவர் தாங்க வேண்டியது என்று வைக்கலாம். இந்தத் துறைக்கு மட்டும், அல்லது இந்தத் திட்டத்துக்கு மட்டும் வரும் மாற்றத்தைச் சேவை பெறுபவர் ஏற்பது நியாயம். இந்தப் பிரிவினை தனியார் பணத்தில் அரசுப் பணிகளைச் செய்யும் பிரிட்டனின் தனியார் நிதித் திட்ட ஒப்பந்தங்களில் வேரூன்றிய முறை.

நான்காவது கணக்கு. விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். புதிய விதியால் செலவு 60 கூடுகிறது. ஒப்பந்தம், "2 சதவீதம்வரை சேவையாளர் ஏற்பார், அதற்கு மேல் சரிபாதி" என்கிறது. முதல் 20 சேவையாளருடையது என்று கழித்தால் மிச்சம் 40, அதில் பாதி 20, புதிய விலை 1,020. ஆனால், "2 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் பகிரப்படும்" என்று படித்தால் 60இல் பாதி 30, புதிய விலை 1,030. ஒரே வாக்கியத்தை இரு தரப்பும் இரு விதமாகப் படித்து வழக்காடுவது இங்கேதான். வாக்கியத்தோடு நிறுத்தாமல், இப்படி ஒரு கணக்கை எண்களோடு இணைப்பில் போட்டுவிடுங்கள். செலவு குறைந்தால் அதே விதி தலைகீழாகப் பொருந்துமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

கடைசியாக நடைமுறை: விதி வெளியான எத்தனை நாளுக்குள் அறிவிப்பு, என்ன கணக்கு ஆவணம், செலவைக் குறைக்க எடுத்த முயற்சிக்கு என்ன சான்று, பேசி முடிக்க எத்தனை நாள், முடியாவிட்டால் நிபுணரிடமா நடுவரிடமா, அதுவரை வேலை எந்த விலையில் தொடரும். பேச்சுவார்த்தை ஓடும் காலத்தில் சட்டத்தை மீறிக்கொண்டு வேலை தொடரக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கடமையைக் கீழே தள்ளினால் பணமும் கீழே போக வேண்டும்

விநியோகச் சங்கிலிச் சட்டங்களில் பெரிய நிறுவனங்கள் செய்யும் தவறு, தங்கள்மேல் உள்ள முழுக் கடமையையும் சிறு சப்ளையரிடம் ஒப்படைப்பது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் பாஃபா அலுவலகம், நிறுவனங்கள் தம் கடமைகளை ஒட்டுமொத்தமாக சப்ளையருக்கு மாற்றிவிட முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனக் கவனப் பொறுப்பு வழிகாட்டுவிதியும், ஒப்பந்த உறுதிமொழி வாங்கினால் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் கூடவே இருக்க வேண்டும் என்றும், சிறு நடுத்தர நிறுவனங்களிடம் கேட்கும் நிபந்தனைகள் நியாயமாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

இதன் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகளிடம் துணி வாங்கிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு நடத்தை விதிகளும் தணிக்கைகளும் இருக்கத்தான் செய்தன. அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை வேறு மாதிரி இருந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. மீறினால் நடுவர் மன்றம் போகலாம். தொழிற்சாலையைச் சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகும் வகையில் வணிக நிபந்தனைகளைப் பேசி அமைப்பதும் பிராண்டின் கடமை. சங்கங்கள் இரண்டு பிராண்டுகள்மேல் நடுவர் வழக்குகள் தொடுத்துச் சமரசத்தில் முடித்தன. கடமை, பணம், கேட்கும் வழி மூன்றும் ஒரே ஆவணத்தில் இருந்ததுதான் வேறுபாடு.

ஆகவே கடமையை இறக்கும்போது வாங்குபவர் தரப்பிலும் நான்கு வரி எழுதுங்கள்: ஆர்டரைக் கடைசி நேரத்தில் மாற்ற மாட்டோம், மாற்றினால் கெடுவை நீட்டுவோம், புதிய சோதனைக்கான செலவில் இவ்வளவு ஏற்போம், குறை தெரிந்தால் உடனே முறிக்காமல் திருத்த அவகாசம் தருவோம். திருத்த அவகாசம் இல்லாத ஒப்பந்தத்தில் சப்ளையர் குறையைச் சொல்ல மாட்டார், மறைப்பார். மறைத்தது வெளியே வரும்போது ஆணையத்துக்கு முன்னால் நிற்பது நீங்கள்.

நீங்கள் சப்ளையராக இருந்து இப்படி ஒரு இணைப்பு வந்தால், அப்படியே கையெழுத்திடாதீர்கள். "எங்கள் சங்கிலியில் எங்கும் மீறல் இல்லை" என்ற உறுதியை யாராலும் தர முடியாது. "இன்னின்ன சோதனைகளைச் செய்கிறோம், தெரிந்தால் இத்தனை நாளில் சொல்வோம்" என்று மாற்றிக் கேளுங்கள். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கேளுங்கள். இரண்டும் ஏற்கப்படக்கூடியவையே.

ஏற்கெனவே ஓடும் ஒப்பந்தங்கள்

"14 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவோம்" என்ற கடிதத்தை நம்பாதீர்கள். சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மௌனம் மட்டும் சம்மதம் ஆகாது என்று 18ஆம் பிரிவில் சொல்கிறது. பல நாட்டுச் சட்டங்களும் இதே வழியில்தான் போகின்றன. இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், திருத்தத்துக்குப் பதிலாக மறுதரப்புக்கு ஏதாவது கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழும். கெடு நீட்டிப்பு, அளவு உறுதி என்று ஏதாவது ஒன்றைத் திருத்தத்திலேயே சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

திருத்தத்தில் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டா என்று பாருங்கள். விற்பனை மேலாளர் கையெழுத்திட்ட இணைப்பு, இயக்குநர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தத்தை மாற்றாது. முரண்பட்டால் எந்த ஆவணம் மேலோங்கும் என்ற வரிசையையும் திருத்தியாக வேண்டும். மூல ஒப்பந்தத்தில் "பொது நிபந்தனைகள் மற்ற இணைப்புகளைவிட மேலானவை" என்று இருந்தால், நீங்கள் புதிதாகச் சேர்த்த கடமைகள் பழைய பொறுப்பு வரம்புக்குள் அமுங்கிப்போகும்.

எழுதினாலும் செல்லாதவை

குற்றவியல் அபராதத்தை இன்னொருவர் ஈடுசெய்வார் என்ற உறுதி பல நாடுகளில் பொதுக்கொள்கைக்கு எதிரானது என்று தள்ளப்படும். விசாரணைச் செலவு, பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவு, மூன்றாம் தரப்புக்குக் கொடுத்த நஷ்டஈடு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். அபராதம் செல்லாமல் போனாலும் இவை நிற்கும். வாடிக்கையாளருக்குச் சட்டம் தந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாக எழுதுவதும் நிற்காது. ஜிடிபிஆர் 82ஆம் பிரிவில், ஒரே கசிவுக்குப் பொறுப்பான இரு நிறுவனங்களில் எதனிடமும் பாதிக்கப்பட்டவர் முழு நஷ்டஈட்டையும் கேட்கலாம். உங்களுக்குள் யார் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கைத்தான் ஒப்பந்தம் எழுத முடியும்.

கையெழுத்துக்குப் பிறகு

இணைப்பில் உள்ள ஒவ்வொரு கடமைக்கும் உங்கள் நிறுவனத்தில் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும். "சட்டத் துறை" என்று போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். கொள்முதல், தரக்கட்டுப்பாடு, தகவல் தொழில்நுட்பம் என எந்த மேசைக்கு அந்தத் தகவல் இயல்பாக வருமோ, அங்கே ஒருவரைப் போடுங்கள். சான்றிதழ் முடியும் தேதி, தணிக்கைத் தேதி, அறிக்கை வர வேண்டிய தேதி எல்லாம் நாள்காட்டியில் ஏற வேண்டும்.

தணிக்கை உரிமையை வாங்கி வைத்துப் பயன்படுத்தாமல் விடுவது ஒரு பலவீனம். பயன்படுத்தி, குறையைக் கண்டு, ஒன்றும் செய்யாமல் விடுவது அதைவிட மோசம், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு உங்கள் அறிக்கையே சாட்சி. எல்லாரையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப் பணமோ ஆளோ இல்லாவிட்டால், முதல் அடுக்கில் மட்டும் செய்யுங்கள். கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் திருத்தத் திட்டம், தேதி, மறுசோதனை என்று முடித்து வையுங்கள். ஏஜென்டுகள் விஷயத்தில் பில்லையே தணிக்கையாக நடத்தலாம்: வேலை விவரம் இல்லாத இன்வாய்ஸுக்குப் பணம் இல்லை, அவர் வேலை செய்யும் நாட்டுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் இல்லை, ரொக்கம் இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்த மூன்று விதியும் தெரிந்திருந்தால் நூறு பக்கக் கொள்கையைவிடப் பயன் தரும்.

ஷரத்துகளும் காலாவதி ஆகும். 2020 ஜூலை 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பப் பயன்பட்ட பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை ரத்து செய்தது. அதை மட்டும் பெயர் சொல்லி எழுதிய ஒப்பந்தங்கள் ஒரே நாளில் சட்ட அடிப்படையை இழந்தன. அதற்கு மாற்றாக இருந்த, ஐரோப்பிய ஆணையம் வகுத்த பழைய நிலையான ஷரத்துகளையும் 2022 டிசம்பர் 27க்குள் புதியவற்றால் மாற்ற வேண்டியிருந்தது. "இப்போதுள்ள வழி செல்லாமல் போனால், சட்டம் அனுமதிக்கும் மாற்று வழிக்கு இத்தனை நாளுக்குள் மாறுவோம், அதுவரை அனுப்புவதை நிறுத்தி வைக்கலாம்" என்ற ஒரு வரி இருந்த ஒப்பந்தங்களுக்கு, ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பேரம் பேசும் அவசியம் குறைந்தது. உங்கள் அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீக்கப்பட்ட விதிக்காக வாங்கும் அறிக்கைகளை நிறுத்துங்கள். ஆதாரக் கோப்புகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை, அல்லது அந்த மீறலுக்கு வழக்குத் தொடரக்கூடிய காலம்வரை, எது நீளமோ அதுவரை வையுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சப்ளையர் தன் பக்கத்து ஆவணங்களை அதே காலம்வரை வைத்திருந்து கேட்டபோது தர வேண்டும் என்ற கடமை, முறிவுக்குப் பின்னும் நீடிக்கும் ஷரத்துகளின் பட்டியலில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.